தொட்டி மரமும் காயம்பட்ட இலைகளும்: முதல் 90 நாள்கள்

புதுமனை புகுவிழா, கடைத் திறப்பு போன்ற மங்கல நிகழ்ச்சிகளை ஒட்டி ஆளுயர அலங்கார மரமொன்றைத் தொட்டியோடு வாங்கி வரவேற்பறையில் வைக்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் நம் நகரங்களில் நன்கு பரவிவிட்டது. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கடன் தொடர்பாக வாடிக்கையாளர் இல்லங்களுக்குச் செல்லும் போதெல்லாம் இத்தகைய மரமொன்றைக் காண்கிறேன். வாங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். சில இலைகள் விளிம்பு கருகியும், சில கிழிந்தும், சில மஞ்சளாகித் தரையில் உதிர்ந்தும் கிடக்கும். ஆவணங்களைப் பற்றிய பேச்சு முடிந்ததும், "சாரே, இது பிழைக்குமா?" என்ற கேள்வி எழும். நான் படித்தது வணிகவியல். எனினும் தொட்டிச் செடிகளோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் அக்கேள்விக்கு இங்கே சற்று விரிவாக விடை கூற முயல்கிறேன்.

சுருக்கமான விடை இதுதான்: பெரும்பாலும் பிழைக்கும். இலையில் ஏற்பட்ட காயத்தால் மடியும் மரங்கள் மிகச் சில. காயத்தைக் கண்டு பதறி, முதல் இரண்டு வாரங்களில் உரிமையாளர் செய்யும் வைத்தியத்தால் மடிபவையே பல. வாங்கி வந்த அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றுவது, மறுநாள் உரம் இடுவது, அதற்கடுத்த நாள் கிளைகளை வெட்டுவது, நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றுவது, பிறகு மருந்து தெளிப்பது ஆகிய இவ்வைந்தும் தனித்தனியே தேவைப்படும் காலம் உண்டு. ஒரே வாரத்தில் ஐந்தையும் தாங்கும் வலிமை, இடம்பெயர்ந்து வந்த மரத்துக்கு இல்லை.

மரம் வந்த வழி

திருவனந்தபுரத்தில் இவ்வாறு விற்பனையாகும் மரங்களுள் மிகுதியாகக் காணப்படுவது பெஞ்சமினா ஃபைகஸ். சிறிய பளபளப்பான இலைகளும், குடை போன்ற தலையும், சிலவற்றில் சடைபோல் பின்னிய மூன்று தண்டுகளும் கொண்டது. பெயர் அயலாக ஒலித்தாலும் உறவு நமக்கு நெருங்கியது. ஆல், அரசு, அத்தி ஆகியவை சேர்ந்த அதே ஃபைகஸ் பேரினத்தைச் சார்ந்தது இது. இந்தியா முதல் ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இயல்பாக வளர்வது. பாங்காக் மாநகரம் இதனைத் தன் அடையாள மரமாகவே கொண்டுள்ளது. இதன் உறவினமான, பெரிய வயலின் வடிவ இலைகளைக் கொண்ட லைராட்டா ஃபைகஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்தது. அண்மையில் அதற்கும் கிராக்கி மிகுந்துள்ளது. இக்கட்டுரையில் கூறப்படுவன பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

இம்மரங்கள் சாலையோர நர்சரியில் பிறந்து வளர்ந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பல மரங்கள் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியிலிருந்தோ, ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரத்துக்கு அருகிலுள்ள கடியத்திலிருந்தோ லாரியில் வந்தவை. மண்ணுத்தியிலிருந்து இங்கு வர 250 கிலோமீட்டருக்கு மேல். கடியத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நெருக்கி அடுக்கப்பட்டு, காற்றில் அலைக்கழிந்து, ஓரிரு நாள் நீரின்றி வந்து சேர்ந்த மரத்தின் இலைகள் கிழிந்தும் கருகியும் இருப்பதில் வியப்பில்லை. கனகக்குன்று அரண்மனை வளாகத்தில் நடைபெறும் மலர்க்கண்காட்சிகளில் வாங்கப்படும் மரங்களுக்கும் இது பொருந்தும். அவை கூடுதலாகச் சில நாள் கூட்டத்தின் இடையேயும் மின்விளக்கின் கீழும் நின்றவை.

பயணக் களைப்பை விடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. அது ஒளி மாற்றம். விற்பனைப் பண்ணைகளில் இம்மரங்கள் விரைந்து தழைப்பதற்காகத் திறந்த வெயிலில் வளர்க்கப்படுகின்றன. வெயிலில் பிறந்த இலை தடித்தும் சிறுத்தும் இருக்கும். மிகுந்த ஒளியைப் பயன்படுத்தவே அது அமைந்தது. அந்த இலையை வரவேற்பறையின் மூலையில் வைத்தால், அது ஈட்டுவதை விடச் செலவழிப்பது கூடிவிடும். வருவாய்க்கு மேல் செலவு வைக்கும் கிளையை எந்த நிறுவனமும் நீண்ட நாள் நடத்தாது. மரமும் அவ்விலையை உதிர்த்துவிடுகிறது. பிறகு குறைந்த ஒளிக்கு ஏற்ற மெல்லிய, அகன்ற புதிய இலைகளைத் தோற்றுவிக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அப்போப்கா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கானோவர், பூல் ஆகிய அறிஞர்கள் 1970-களில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். விற்பனைக்கு முன் மரங்களை நிழல்வலையின் கீழ் வைத்துப் படிப்படியாகப் பழக்கினால், வீட்டுக்குள் சென்ற பின் இலை உதிர்வது வெகுவாகக் குறையும் என்பது அவர்கள் காட்டிய வழி. நம் நாட்டில் வெயிலிலிருந்து நேரே விற்பனைக்கு வரும் மரங்கள் ஏராளம் என்பதால், அந்தப் பழக்கப்படுத்தும் பணி வாங்குபவர் தலையில் விழுகிறது.

இலையைப் படித்தல்

இலையைப் பற்றி முதலில் அறியவேண்டியது, அது ஆறாது என்பதே. நம் தோலில் ஏற்பட்ட கீறல் சில நாள்களில் மூடிக்கொள்கிறது. முதிர்ந்த இலையில் அவ்வாறு புதிய உயிரணுக்கள் தோன்றி இழந்த பகுதியை நிரப்புவதில்லை. கருகிய விளிம்பு கருகியபடியே இருக்கும். கிழிந்தது கிழிந்தபடியே இருக்கும். மரம் செய்வதெல்லாம் காயத்தின் ஓரத்தை அடைத்து, எஞ்சிய பச்சைப் பகுதியைக் கொண்டு உணவு தயாரிப்பதுதான். எனவே பழைய இலை என்பது முடிந்துபோன ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பைப் போன்றது. என்ன நடந்தது என்பதை அது சொல்லும். இன்று என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. இன்றைய நிலையை அறியக் கிளை நுனியைப் பார்க்கவேண்டும். அங்கு மொட்டுறை கூராகவும் ஈரப்பசையோடும் இருக்கிறதா, அல்லது கருத்துச் சுருங்கியிருக்கிறதா என்பதே முக்கியம்.

இவ்வளவு தெளிவான பின்னர், பழைய இலைகள் கூறும் செய்தியைப் பொறுமையாகப் படிக்கலாம்.

நரம்பின் போக்கைப் பொருட்படுத்தாமல் குறுக்கே கிழிந்தோ மடிந்தோ, மடிந்த கோட்டில் பழுப்பேறியோ இருந்தால் அது பயணக் காயம். அதற்குச் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் வெளிப்புற இலைகளில், வெளிறிய வைக்கோல் நிறத் திட்டுகள் காணப்பட்டால் அது வெயில் சுட்டது. எல்லா இலைகளின் நுனியும் விளிம்பும் ஒன்றுபோல் பழுப்பேறியிருந்தால், நீர்ப் பற்றாக்குறையோ மண்ணில் உப்பு மிகுதியோ காரணமாகலாம். வலியதுறை, சங்குமுகம் போன்ற கடற்கரைப் பகுதி வீடுகளில் உப்புக் காற்றும் இதே அடையாளத்தைத் தரும். அங்கு வாரம் ஒருமுறை இலைகளை நல்ல நீரால் கழுவிவிடுவது பயன் தரும்.

அடிப்பகுதி இலைகள் முதலில் மஞ்சளாகின்றனவா, நுனி இலைகள் முதலில் வெளிறுகின்றனவா என்பதும் கவனிக்கத்தக்கது. தழைச்சத்து, மக்னீசியம் போன்றவற்றை மரம் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்து இளைய இலைக்கு அனுப்பவல்லது. ஆகவே அவை குறைந்தால் முதிய இலை முதலில் வாடும். இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளை அவ்வாறு இடம் மாற்ற இயலாது. அவற்றின் குறை தளிரிலேயே தெரியும். கேரளத்தின் செம்புரை மண்ணில் மக்னீசியப் பற்றாக்குறை பரவலாக உள்ளது. முதிய இலைகளில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது அதன் அடையாளம். ஆயினும் வந்து சேர்ந்த முதல் மாதத்தில் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால், அதனைச் சத்துக்குறை என்று முடிவு கட்டவேண்டாம். ஒளி குறைந்ததால் மரம் செய்யும் ஆட்குறைப்பாகவே அது பெரும்பாலும் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு இலை உதிர்ந்தும் நன்கு தழைத்த பெஞ்சமினா மரங்கள் உண்டு.

காயம்பட்ட இலையை வெட்டிவிடலாமா என்று பலரும் கேட்கின்றனர். பாதிக்கு மேல் பச்சையாக உள்ள இலையை விட்டுவைத்தலே நன்று. பார்வைக்கு அழகில்லை எனினும் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது; புதிய வேரும் துளிரும் தோன்றத் தேவையான உணவு அதிலிருந்துதான் வரவேண்டும். முழுவதும் காய்ந்தவற்றை மட்டும் கையால் மெல்ல அகற்றலாம். கிளைகளைக் கத்தரிக்க நேர்ந்தால் வடியும் பால் தோலில் எரிச்சல் தரும். கையுறை அணிதல் வேண்டும். வீட்டில் தவழும் குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ இருந்தால் இலைகளை வாயில் வைக்க விடாதீர்கள்.

இடமும் ஒளியும்

திருவனந்தபுரம் வட அட்சரேகை எட்டரைப் பாகையில் அமைந்துள்ளது. இதன் விளைவாக, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். 'வடக்குப் பார்த்த பால்கனியில் வெயில் விழாது' என்ற பொதுவிதி ஆண்டின் இப்பகுதியில் இங்கு செல்லாது. ஜூன் மாத மழை தொடங்கிவிட்டால் மேகம் காப்பாற்றும். ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும் வரை உள்ள வாரங்களில்தான், நிழல் என்று நம்பி வடக்குப் பால்கனியில் வைக்கப்பட்ட மரங்கள் சுடப்படுகின்றன. டிசம்பரில் நிலைமை தலைகீழ்; அப்போது தெற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து அறைக்குள் நெடுந்தூரம் வரும். நாகர்கோவில், திருநெல்வேலி வாசகர்களுக்கும் இக்கணக்கு ஏறக்குறைய ஒன்றே. சென்னைக்குச் செல்லச் செல்ல வடக்கு வெயிலின் காலம் சுருங்கும்.

ஒளியை அளப்பதில் நம் கண் நம்பத்தக்க சாட்சி அன்று. திறந்தவெளியில் உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் உள்ளே தள்ளிய இடத்தில் அது பெரும்பாலும் 500 லக்ஸுக்கும் குறைவு. இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கண் தானே ஈடுசெய்துகொள்வதால், இரு இடங்களும் நமக்கு வெளிச்சமாகவே தோன்றுகின்றன. கைப்பேசியில் கிடைக்கும் ஒளிமானிச் செயலி ஒன்று துல்லியமாக இல்லாவிட்டாலும், வீட்டின் எந்த மூலை எதைவிடப் பன்மடங்கு இருண்டது என்பதைக் காட்டிவிடும். எளிய சோதனையும் உண்டு. நண்பகலில் மரம் வைக்க எண்ணும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளின் மேல் கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் தெளிவாகத் தெரிந்தால் ஒளி போதும். மங்கலாகத் தெரிந்தால் சமாளிக்கும். நிழலே விழாவிட்டால் அவ்விடம் மரத்துக்கு உரியதன்று.

புதிய மரத்தை முதல் இரண்டு வாரம் நேர்வெயில் படாத, ஆனால் நன்கு வெளிச்சமுள்ள முற்றத்திலோ பால்கனியின் உட்பக்கத்திலோ வைத்திருங்கள். பிறகு ஜன்னலோரத்துக்குக் கொண்டுவரலாம். நிலையான இடம் முடிவான பின் அதனை அடிக்கடி நகர்த்தாதீர்கள். விருந்தினர் வரும்போது வரவேற்பறைக்கும், சென்றபின் பால்கனிக்கும் மரத்தை உருட்டிச் செல்வோரைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பெஞ்சமினா சில இலைகளைக் கட்டணமாக வசூலிக்கும். குளிர்சாதனக் கருவியின் காற்று நேரே படும் இடமும் ஆகாது.

நீர்

நோயுற்றவருக்குக் கஞ்சி கொடுப்பது போல, வாடிய செடிக்கு நீர் ஊற்றுவது நம் இயல்பு. வாட்டத்துக்கு நீர்க்குறைவும் காரணமாகலாம். நீர் மிகுந்து வேர் மூச்சுத் திணறுவதும் காரணமாகலாம். இரண்டிலும் இலை ஒன்றுபோலவே தொங்கும். ஆதலால் இலையைப் பார்த்து நீர் ஊற்றாமல், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுதல் வேண்டும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை மெல்ல ஊற்றுங்கள். தொட்டியை ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்த்து எடையை உணர்ந்து பழகினால், சில வாரங்களில் விரலும் தேவைப்படாது.

ஒரு சிக்கல் தனியே குறிப்பிடத்தக்கது. தொலைவிலிருந்து வரும் மரங்கள் பல, இறுகிய களிமண் உருண்டையோடு வந்து, இங்கே அதைச் சுற்றித் தென்னை நார்க்கழிவும் செம்மண்ணும் இட்ட தொட்டியில் நடப்படுகின்றன. களிமண் ஒருமுறை காய்ந்துவிட்டால் நீரை எளிதில் ஏற்பதில்லை. ஊற்றிய நீர் சுற்றியுள்ள இளகிய மண் வழியே இறங்கி, அடித்துளையில் உடனே வடிந்துவிடும். உரிமையாளர் நன்கு நீர் பாய்ந்ததாக நிறைவு கொள்வார். நடுவிலுள்ள வேர் உருண்டையோ காய்ந்தே இருக்கும். நீர் ஊற்றிய சில வினாடிகளிலேயே வடியத் தொடங்கினால் இந்த ஐயம் எழவேண்டும். தண்டின் அடியை ஒட்டி மெல்லிய மரக்குச்சியைக் குத்திச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அது காய்ந்தே வந்தால், தொட்டியை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுத்து வடியவிடலாம். பெரிய தொட்டியானால் சிறு துளையிட்ட புட்டியில் நீர் நிரப்பி, தண்டின் அருகே சொட்டுச் சொட்டாக இறங்கவிடலாம்.

நார்க்கழிவு நன்கு கழுவப்படாததாயின் அதில் உப்பு தங்கியிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். முதல் மாதத்தில் ஒருமுறை நீரைத் தாராளமாக ஊற்றி வடியவிட்டால் அவ்வுப்பு கரைந்து வெளியேறிவிடும்.

தொட்டியின் கீழுள்ள தட்டில் நீர் தேங்கலாகாது. வேர் அழுகல் ஒரு காரணம். இங்கு அதைவிட முக்கியமான காரணம் டெங்கு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் மரத்துக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் செய்யும் பாதுகாப்பு.

உரம், தொட்டி, பூச்சி

உரம் பற்றிக் கூற அதிகம் இல்லை: புதிய இலை ஒன்று முழுதாக விரியும் வரை வேண்டாம். காயம்பட்ட வேரால் உரத்தை ஏற்க இயலாது. ஏற்கப்படாத உரம் மண்ணில் உப்பாக நின்று வேரை மேலும் வாட்டும். துளிர்த்த பின்னர் 19:19:19 கலவையை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் மாதம் ஒருமுறை கொடுக்கத் தொடங்கலாம். அல்லது இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

தொட்டி மாற்றுவதையும் தள்ளிப்போடுங்கள். பிளாஸ்டிக் பை கிழிந்தோ, அடித்துளையே இல்லாமலோ இருந்தால் மட்டும் உடனே மாற்றவேண்டும். அழகிய பீங்கான் தொட்டியில் வைக்க விரும்பினால், வந்த தொட்டியை அப்படியே அதனுள் இறக்கி வைத்தால் போதுமானது. பின்னல் தண்டு மரங்களில், பண்ணையில் கட்டிய கம்பியோ பிளாஸ்டிக் நாடாவோ தண்டை இறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் அன்றே பார்த்து அறுத்துவிடுங்கள். இந்தச் சிறு கட்டு இரண்டு ஆண்டில் ஒரு தண்டையே கொன்றுவிடும்.

புதிய மரத்தை வீட்டிலுள்ள பிற செடிகளிலிருந்து இரண்டு, மூன்று வாரம் விலக்கி வைத்தல் நல்ல வழக்கம். இலையின் அடிப்புறத்தையும் காம்பின் இடுக்கையும் பார்வையிடுங்கள். பஞ்சு போன்ற மாவுப்பூச்சி, தண்டில் ஒட்டிய பழுப்புச் செதில் பூச்சி, கோடையில் மெல்லிய வலை பின்னும் சிலந்திப்பேன் ஆகியவை அங்கே இருக்கும். சிறிதளவானால் ஈரத்துணியால் துடைத்தலே போதும். மிகுந்தால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, முதலில் ஓரிரு இலைகளில் சோதித்த பின், மாலை வேளையில் தெளிக்கலாம். பெஞ்சமினாவுக்கே உரிய இலைப்பேன் ஒன்று உண்டு. இளம் இலை நடுநரம்பை ஒட்டிப் புத்தகம்போல் மடிந்து, செந்நீலப் புள்ளிகளோடு காணப்படும். பிரித்தால் உள்ளே நுண்ணிய கரிய பூச்சிகள் ஓடும். மடிப்புக்குள் மருந்து புகாது. அத்தகைய இலைகளைக் கிள்ளி, உறையிலிட்டு மூடி அப்புறப்படுத்துவதே தக்க வழி. இலையை விட்டுவையுங்கள் என்று மேலே கூறியதற்கு இது விலக்கு.

இலைகளின் மேற்புறம் பிசுபிசுத்துக் கரிபோல் படிந்திருந்தால் அண்ணாந்து பாருங்கள். பால்கனியை ஒட்டித் தென்னை நிற்கும் வீடாயின் குற்றவாளி அங்கே இருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, தென்னையோலையின் அடியில் தங்கித் தேன்போன்ற கழிவைச் சொரிகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டால் இலைக்குக் கேடில்லை. வீரிய மருந்து தெளிப்பது, இந்த ஈயைத் தின்றழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியையும் கொன்றுவிடும் என்பதால் அதனைத் தவிர்க்கவேண்டும்.

மழைக்காலத்தில் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் பெருகினால் அது பூசண நோயாகலாம். இலைமேல் நீர் படாமல் பார்த்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்துத் தெளிக்கலாம். ஐயம் தீராவிடில், காயம்பட்ட இலைகள் சிலவற்றை உறையிலிட்டு அருகிலுள்ள கிருஷி பவனுக்குக் கொண்டுசெல்லுங்கள். 1955-இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரியும் வெள்ளாயணியில் இருக்க, இந்நகரத்தார் மருந்துக்கடையில் கேட்டுத் தெளிக்கவேண்டிய தேவையே இல்லை.

90 நாள் கணக்கு

கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால்தான் வங்கி அக்கணக்கைச் செயல்படாச் சொத்து என வகைப்படுத்துகிறது. 2004 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விதி இது. அதற்கு முன் 180 நாள் வரை பொறுத்திருந்தோம். மரத்துக்கும் இதே தவணையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. முதல் மூன்று, நான்கு வாரங்களில் வெளியே எதுவும் தெரியாது. பணியெல்லாம் வேரில் நடைபெறும். பின்னர் துளிர் தோன்றும். அது முழு இலையாக மேலும் சில வாரங்கள் ஆகும். வாங்கிய அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே கோணத்தில் எடுத்துவந்தால், நாள்தோறும் பார்ப்பதால் தெரியாத மாற்றம் தெரியும். பற்றுச்சீட்டையும் அப்படத்தோடு சேர்த்து வையுங்கள். சில நர்சரிகள் குறிப்பிட்ட நாள்களுக்குள் பட்டுப்போன மரத்தை மாற்றித் தருகின்றன; வாங்கும்போதே அதனைக் கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது நலம்.

எனினும் 90 நாள் வரை கண்ணை மூடிக்கொண்டிருத்தல் ஆகாது. கடன் கணக்கிலும் இடர் அறிகுறி தென்பட்டால் அதற்கு முன்னரே சிறப்புக் கவனத்தில் வைப்போம். மரத்தில் அந்த அறிகுறிகள் நான்கு: மண்ணிலிருந்து அழுகல் நாற்றம் வருதல், தண்டின் அடி மெத்தென்று ஆகுதல், பட்டை சுருங்குதல், புதிய துளிரும் கருத்துப்போதல். இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் காத்திருத்தல் கூடாது. மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, கரிய கொழகொழத்த வேர்களை உறுதியான பகுதி வரை வெட்டி, நீர் நன்கு வடியும் புதிய கலவையில், தேவையெனில் சற்றுச் சிறிய தொட்டியிலேயே நடவேண்டும்.

இலை முழுவதும் உதிர்ந்துவிட்ட மரத்தை உடனே குப்பையில் சேர்க்காதீர்கள். நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் கிளைக்கு உயிர் உண்டு. நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தோன்றும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். அடிவேர் அழுகி மேற்கிளை மட்டும் நலமாக இருந்தால் விண்பதியம் கைகொடுக்கும். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான நார்க்கழிவை வைத்து, பாலிதீன் தாளால் இறுகக் கட்டிவிட்டால், மழைக்காலத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர்விடும். ஃபைகஸ் இனம் இதற்கு எளிதில் இணங்குவது.

மூன்று மாதம் கடந்து புதிய இலைகள் விரிந்த மரத்தை, முன்னையதைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகன்ற தொட்டிக்கு மாற்றலாம். தொட்டி போதவில்லை என்று நிலத்தில் நட எண்ணுவோர், இது ஆலமரத்தின் உறவு என்பதை மறக்கலாகாது. மதிலோரத்திலோ, கழிவுநீர்த் தொட்டியின் அருகிலோ, குடிநீர்க் குழாய் செல்லும் வழியிலோ நட்டால் சில ஆண்டுகளில் வேர் அவற்றைப் பிளந்துவிடும். பரந்த மனை இல்லாதவர்கள் தொட்டியிலேயே வைத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, வேர் உருண்டையின் புறப்பகுதியில் ஓர் அங்குலத்தைச் சீவி, புதிய மண்ணிட்டு அதே தொட்டியில் திரும்ப நட்டுவரலாம். அவ்வாறு நட்ட பின்னும் சில இலைகள் மஞ்சளாகி உதிரும். அப்போதும் முதல் இரண்டு வாரம் நேர்வெயில் படாத வெளிச்சமும், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றும் நீரும் போதுமானவை.